நீட்டிய கை

சவரிராஜைப் புண் வார்டுக்கு மாற்றிய உத்தரவு 1906ஆம் ஆண்டு நவம்பரில், ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. அன்றைக்கே அவன் போக வேண்டியதாயிற்று.

அதுவரை அவன் வெளிக்கூடத்தில் நின்று காய்ச்சலுக்கும் பேதிக்கும் மருந்து கலந்து ஊற்றிக்கொண்டிருந்தவன். வெள்ளைக் கோட்டு, மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ், முப்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. ஆற்றங்கரைச் சதுப்பை ஒட்டி நின்ற அந்த ஏழைகள் ஆஸ்பத்திரியில், மருந்து கலந்து கட்டுப் போடுகிற டிரசர் என்றால் பாதி டாக்டர் மாதிரி. புண் வார்டு மட்டும் அந்த மரியாதைக்கு வெளியே இருந்தது. கட்டடத்துக்குப் பின்னால், பிணக்கொட்டகைக்குப் பக்கத்தில், அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்த நீளமான மரக்கொட்டகை அது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் வாயால் மூச்சு விடப் பழகிக்கொள்வார்கள்.

வாசலில் நாகூர் கனி நின்றிருந்தார். பதினோரு வருடமாக அந்த வார்டைக் கூட்டிக் கழுவுகிறவர். மூக்கருகில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு துண்டு கர்ப்பூரத்தை நீட்டினார். இரண்டு நாளைக்குத்தான் அது உதவும், அப்புறம் கர்ப்பூர வாசனையே பிடிக்காமல் போய்விடும் என்றும் சொன்னார்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கார்பாலிக் மருந்தின் நெடி வந்தது. அதற்கு அடியில் காயாத துணியின் ஈரம். அதற்கும் அடியில், முற்றிப் பழுத்து வெடித்த பலாப்பழத்தைப் போல, ஓர் இனிப்பு வாடை. அந்த இனிப்புக்குத்தான் அவன் கர்ப்பூரத்தை மூக்கோடு வைத்து அழுத்தினான்.

இரண்டு வரிசையில் இருபத்திரண்டு கட்டில்கள். ரிக்‌ஷா இழுத்தவர்கள், தோட்டத்தில் காடு வெட்டியவர்கள், மாட்டுவண்டிக்காரர்கள். எல்லாருக்கும் முழங்காலுக்குக் கீழேதான் வியாதி. சிலருக்குச் சதை போய் எலும்பு தெரிந்தது. ஈக்கள் பறக்கவில்லை, பறந்து தேட வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை.

கடைசிக்கு முந்தின கட்டிலில் இருந்த அப்துல் அலீம் மட்டும் எழுந்து உட்கார்ந்து சலாம் சொன்னார். ரொட்டி அடுப்பில் வேலை பார்ப்பவர், ஐம்பது வயதிருக்கும். ஆணி குத்திய கால்விரல் இரண்டும் அநேகமாக ஆறிவிட்டன. வருகிற வெள்ளிக்கிழமைக்கு மறு வெள்ளி அனுப்பிவிடுவதாக டாக்டர் துரை சொல்லியிருந்தார். மகள் சம்சுன்னிசாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், நிக்காஹுக்குத் தானே நடந்து போய் நிற்கலாம் என்று அவர் சிரித்தபடி சொன்னார். கையில் ஒரு பனையோலை விசிறி. அதைத் தனக்கு வீசிக்கொள்ளாமல், பக்கத்துக் கட்டில்காரனின் காலுக்கு வீசி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்துக் கட்டில்காரனைப் பார்த்ததும் சவரிராஜின் நடை நின்றது.

செல்லக்கண்ணு. தேக்காப் பேட்டை மாட்டுக் கொட்டிலில் சாணம் அள்ளியவன். இப்போது எலும்பும் தோலுமாகக் கிடந்தான். வலது கால் முழங்கால்வரை கறுத்து, கட்டுத் துணியை மீறி மஞ்சளாகச் சீழ் வடிந்துகொண்டிருந்தது. அவனும் சவரிராஜை அடையாளம் கண்டுகொண்டான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த மாட்டுக் கொட்டிலுக்குச் சவரிராஜின் அண்ணன் ஞானாதிக்கம்தான் கங்காணி. ஆறடி ஆள். கூலிகளைப் பிரம்பால் அடிப்பான், பெண்டாட்டி பிலோமினம்மாளைக் கையாலேயே அடிப்பான். ஒரே வீட்டில், பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம், சவரிராஜ் குடியிருந்தான். ஒவ்வோர் அடியும் அவனுக்குக் கேட்கும். ஒருமுறை வயிற்றில் விழுந்த உதையில் அவள் நான்கு மாதக் கருவை இழந்தாள். சவரிராஜ் அப்போதும் எழுந்து போகவில்லை. ஜெபமாலையை எடுத்து உருட்டினான். என்ன கேட்டு உருட்டினான் என்பதை அவன் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

அந்த டிசம்பரில், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எருமைகள் படுத்துப் புரளும் சேற்றுக் குட்டையில் ஞானாதிக்கம் மூழ்கிச் செத்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். செல்லக்கண்ணு மறுநாளே அக்கரைக்கு, ஜோகூர்ப் பக்கம் ஓடிப்போனான். பிலோமினம்மாள் கப்பலேறிக் காரைக்காலுக்குப் போய்விட்டாள்.

செல்லக்கண்ணுவின் காலை நாளுக்கு இரண்டு தடவை கழுவ வேண்டும், செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும், வேறு யாரும் அதைத் தொடவே கூடாது என்று டாக்டர் துரை கண்டிப்பாக உத்தரவு போட்டிருந்தார். அழுகல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தாவும். அதற்கு ஒரு ஈ போதும், ஒரு துணி போதும்.

முதல் இரண்டு நாள் சவரிராஜ் அதைச் செய்தான். கட்டை அவிழ்த்தால் துணியோடு சதையும் சேர்ந்து வரும். உள்ளே அரிசி அளவில் வெள்ளையாக நெளியும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தகர டப்பாவில் போடுவான். மத்தியானச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள், காய்ச்சல் வேகத்தில் செல்லக்கண்ணு அவன் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் விரல்கள் பிசுபிசுத்தன.

"ஒங்க அண்ணன நாந்தான் குட்டையில தள்ளுனேன், ஐயா."

சவரிராஜ் கையை உருவிக்கொண்டு வெளியே போய், மதில் ஓரமாகக் குந்தி, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான்.

அன்று மத்தியானம்தான் அது முதலில் வந்தது.

மணி இரண்டிருக்கும். மழை நின்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து ஆவி எழுந்தது. வார்டு முழுக்கத் தூக்கம். நாகூர் கனி தொழப் போயிருந்தார். சவரிராஜ் மேசையில் உட்கார்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருந்தான். அப்போது வார்டின் வாடைகளுக்கு நடுவே புதிதாக ஒரு வாடை நுழைந்தது. எருமை மூத்திரம், அழுகிய புல், பல நாள் கலக்காத அடிச்சேறு.

சொட். சொட்.

கூரை ஒழுகுகிறதென்று தலையைத் தூக்கினான்.

கடைசி இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் ஞானாதிக்கம் நின்றிருந்தான்.

நல்ல வெளிச்சத்தில் நின்றிருந்தான். உச்சியிலிருந்து சேறு வழிந்து முகத்தை மூடியிருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. வாய் திறந்திருந்தது, அது நிறையச் சேறு. அதற்குள் ஏதோ நெளிந்தது. வலது கை மட்டும் முன்னால் நீண்டிருந்தது. விரல்கள் விரிந்திருந்தன. பேச முயன்றபோது சேறு கொப்புளித்து மார்பில் வழிந்தது.

"கைய... குடுடா..."

சவரிராஜ் கண்ணை மூடி மூன்று தடவை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லித் திறந்தான். யாரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது. வாடை மட்டும் போகவில்லை.

அண்ணன் பழி கேட்டு வந்திருக்கிறான், உன் கையால் முடி என்கிறான். சவரிராஜ் அப்படித்தான் அதை எடுத்துக்கொண்டான். வேறு மாதிரி எடுத்துக்கொள்ள அவனுக்குத் துணிவில்லை.

முடிப்பது சுலபம். மருந்து அலமாரிச் சாவி அவன் இடுப்பில் இருந்தது. வலி மருந்தான மார்பியாவைக் கொஞ்சம் கூட்டி ஊசியில் ஏற்றினால் போதும். அந்த வார்டில் ஒருவன் சாவதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வியாழக்கிழமை மத்தியானம் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசிக் கட்டில்வரை போனான். செல்லக்கண்ணு வாய் பிளந்து தூங்கினான். உதட்டோரம் ஒரு ஈ உள்ளே போய் வெளியே வந்தது.

காய்ச்சலில் உளறியதை வைத்து ஓர் உயிரை எடுப்பதா என்று தோன்றியது. திரும்பி வந்தான்.

வெள்ளிக்கிழமை மறுபடி போனான். இவன் எப்படியும் இந்த வாரம் தாங்க மாட்டான், நான் எதற்குப் பாவத்தைச் சுமக்க வேண்டும் என்று நினைத்துத் திரும்பினான். சனிக்கிழமை இன்னொன்று தோன்றியது. இப்படி அழுகிக் கிடக்கிறவனைக் கொல்வது தண்டனை ஆகாது, உபகாரம்தான். எல்லாமே நியாயமான காரணங்கள். ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்ததுதான் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஒவ்வொரு மத்தியானமும் சேற்று வாடை வந்தது. கை நீண்டது.

"கைய குடுடா."

இதற்கிடையில் அவன் இன்னொன்றையும் செய்யாமல் விட்டிருந்தான். செல்லக்கண்ணுவின் கட்டைப் புதன்கிழமைக்குப் பிறகு அவன் அவிழ்க்கவே இல்லை. கொல்லப்போகிறவனின் காலை எதற்குக் கழுவுவது என்று முதல் நாள் விட்டான். கொல்லவில்லை, மறுநாளும் கழுவவில்லை. அந்தத் துணியைத் தொட நினைத்தாலே தொண்டை குமட்டியது. பதிவேட்டில் மட்டும் காலையும் மாலையும் கழுவிக் கட்டியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

திங்கட்கிழமை காலை வார்டுக்குள் நுழைந்தபோது செல்லக்கண்ணுவின் காலில் புதுக் கட்டு இருந்தது. கிழித்த வேட்டித் துணி. யார் கட்டியது என்று நாகூர் கனியிடம் கேட்டான். அவர் அலீமின் கட்டிலைக் கண்ணால் காட்டினார்.

அலீமின் இரண்டு விரல்களும் கறுத்துப் போயிருந்தன.

டாக்டர் துரை வந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். செவ்வாய்க்கிழமை கறுப்பு கணுக்காலைத் தாண்டியது. புதன்கிழமை அவர் காலை வெட்டி எடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அதற்குள் தொடைவரை ஏறிவிட்டது. பாதம் வேக வைத்த கிழங்கு மாதிரி உப்பித் தோல் உரிந்தது. அந்த இனிப்பு வாடை இப்போது அவரிடமிருந்து வந்தது. அவரே தன் காலைப் பார்க்க மறுத்தார், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ரொட்டி சுட்டுப் பழகிய மூக்குக்குத் தன் உடம்பின் நாற்றத்தைத் தாங்க முடியவில்லை.

சவரிராஜ் தண்ணீர் கொடுக்கப் போனபோது துண்டுக்குள்ளிருந்தே பேசினார்.

"அந்தப் புள்ளையோட கால நாந்தான் தொடச்சு விட்டேன், தம்பி. ரொம்ப நெளிஞ்சுச்சு. நாலு நாளா யாரும் தொடைக்கலியே, பாத்துக்கிட்டு எப்புடிச் சும்மா கெடக்குறது?"

குற்றம் சாட்டுகிற குரலில் அவர் சொல்லவில்லை. தப்பாகச் செய்துவிட்டேனா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

எந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போயிருக்க வேண்டுமோ அந்த வெள்ளிக்கிழமை காலை அலீம் இறந்துபோனார். நாகூர் கனியும் ரொட்டிக் கிடங்கு ஆட்கள் நான்கு பேரும் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் முக்காடு போட்ட ஒரு பெண் அப்பாவின் முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டாள். வாடை தாங்காமல் அவளே பின்வாங்கினாள். பின்வாங்கியதற்காக அழுதாள். சவரிராஜ் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் ஊசியில் மருந்தை நிறைத்தான். இன்றைக்கு எந்தக் காரணமும் கேட்பதில்லை என்று முடிவு செய்தான். அலீமுக்காகவும் சேர்த்து, என்று சொல்லிக்கொண்டான்.

செல்லக்கண்ணு விழித்திருந்தான். காய்ச்சல் விட்டிருந்தது. புண்ணை அலீம் துடைத்த துடைப்பில் கறுப்பு முழங்காலோடு நின்றுபோயிருந்தது. ஊசியைப் பார்த்தான். அது எதற்கென்று அவனுக்குப் புரிந்தது. சட்டையைத் தள்ளிக் கையை நீட்டிக்கொடுத்தான்.

"போடுங்க, ஐயா. ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். தள்ளுனது நாந்தான். சாவடிச்சது நான் இல்ல."

சவரிராஜின் ஊசி அந்தக் கைக்கு மேலே நின்றது.

"அவுரு கரைக்கு வந்துட்டாரு. கரையோரப் பலகையப் புடிச்சுக்கிட்டுத்தான் கெடந்தாரு. நான் ஓடுறப்பத் திரும்பிப் பாத்தேன். தூங்குமூஞ்சி மரத்துக்கடியில ஒருத்தரு கொடை புடிச்சுக்கிட்டு நின்னாரு. சரி, தூக்கி விட்ருவாருன்னு ஓடிட்டேன்." அவன் மூச்சு வாங்கினான். "நாலு வருசமா எனக்கு அதான் வெளங்கல. ரெண்டு எட்டுத் தூரம். நீங்க ஏன் ஐயா தூக்கல?"

சொட்.

சேற்று வாடை வார்டை நிறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சவரிராஜ் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமும் சொல்லிக்கொண்டதில்லை. மாதா கோவிலிலிருந்து திரும்பும் வழி. குடைமேல் மழை. மார்புவரை சேற்றில் புதைந்து, ஒரு கையால் பலகையைப் பற்றிக்கொண்டு, மறு கையை அண்ணன் அவன் பக்கம் நீட்டினான். "கைய குடுடா, சவரி" என்றான். இரண்டு எட்டுத்தான். காலையில் அதே கை பிலோமினம்மாளின் கூந்தலைச் சுற்றிப் பிடித்து இழுத்ததை அவன் கதவிடுக்கில் பார்த்திருந்தான். இப்போது அதில் சாணமும் சேறும் அட்டையுமாக இருந்தது. அதைத் தொட அவனுக்கு அருவருப்பாக இருந்தது. வழுக்கி நானும் விழுந்தால் என்ன செய்வது என்று யோசித்தான். ஆள் கூப்பிடலாமா என்று யோசித்தான். கொல்ல நினைக்கவில்லை. இதோ கொடுக்கிறேன், இதோ, என்று நினைத்துக்கொண்டே நின்றான். நிற்க நிற்கப் பலகையிலிருந்து ஒவ்வொரு விரலாக நழுவியது. கடைசியில் நீட்டிய கை மட்டும் கொஞ்ச நேரம் சேற்றுக்கு மேலே தெரிந்தது. பிறகு குமிழி. வீட்டுக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு, பிலோமினம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்தான்.

அவன் ஜெபமாலை உருட்டிக் கேட்டதில் பாதியைத்தான் செல்லக்கண்ணு செய்தான். மீதியை யார் செய்தது என்று இந்தக் கட்டில்காரன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஒரு வாரமாக ஊசியைத் தூக்கிக்கொண்டு வந்து வந்து திரும்பியதற்கு அந்த மீதிப் பாதியைத் தவிர வேறு காரணமே கிடையாது. இவனுக்கு ஊசி போட்டால், அதே ஊசியை அடுத்து எந்தக் கையில் போடுவது?

அவன் தலையைத் தூக்கினான்.

ஞானாதிக்கம் செல்லக்கண்ணுவின் கட்டிலைப் பார்த்து நிற்கவில்லை. ஒரு நாளும் அந்தக் கட்டிலைப் பார்த்ததே இல்லை. இரண்டு குழிகளும் சவரிராஜையே பார்த்தன.

அது நகர்ந்து வந்தது. இரண்டு எட்டுத் தூரத்தில் நின்றது.

கை நீண்டது.

நகங்களுக்கிடையில் அட்டைகள் தொங்கின. உள்ளங்கைச் சதை ஊறி வெளுத்துப் பிரிந்து ஆடியது. பழி கேட்கிற கையல்ல அது. நாலு வருடத்துக்கு முன்னால் கேட்டதையேதான் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பிடித்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்தது.

சவரிராஜ் ஊசியைக் கீழே போட்டான். தன் வலது கையைத் தூக்கினான். ஒரு சாண் இடைவெளி. அரைச் சாண்.

அந்த விரல்களின் குளிர் அவன் விரல் நுனியில் பட்டது. பிசுபிசுத்தது.

குமட்டியது.

கையை இழுத்துக்கொண்டான்.

செல்லக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு முனகுவது கேட்டது. தரையில் ஊசி உடைந்து கிடந்தது. வெயில் அடித்தது. சேற்று வாடை, யாரோ கதவைச் சாத்தியது போல, சட்டென்று நின்றுவிட்டது.

அடுத்த வாரம் செல்லக்கண்ணுவின் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். அவன் பிழைத்துக்கொண்டான். கட்டை ஊன்றி வார்டை விட்டுப் போகும்போது நாகூர் கனியின் கையைப் பிடித்து அழுதான். சவரிராஜிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பதிவேட்டில் தான் எழுதிய பொய்க் கையெழுத்துகளைப் பற்றிச் சவரிராஜும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தான். ஐந்தாறு மாதம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, வேலையை விட்டான்.

செம்பவாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் புதிதாக மருந்துக்கூடம் திறந்திருந்தார்கள். அங்கே வேலை கிடைத்தது. தனி வீடு, காற்றோட்டம், சுற்றிலும் இளம் ரப்பர்க் கன்றுகள். சேற்று வாடை ஒரு தடவைகூட வரவில்லை. அவனுக்குச் சாப்பாடு மறுபடி இறங்க ஆரம்பித்தது. சமைத்துப் போட, கூலிகள் குடியிருக்கும் தோட்டத்து லயத்திலிருந்து பிரிஜட் என்ற விதவையை அமர்த்திக்கொண்டான். வாய் திறக்காமல் வேலை பார்ப்பவள். மத்தியானச் சோற்றை மேசையில் மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவன் மருந்துக்கூடத்தைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிடும்போது அவள் வீட்டில் இருப்பதில்லை.

மூன்றாவது வாரம் ஒருநாள், வேலை சீக்கிரம் முடிந்து பன்னிரண்டு மணிக்கே வந்தான். பிரிஜட் பின்வாசலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்று, ஒன்று கேட்க வேண்டும் என்றாள். கேட்கச் சொன்னான்.

"ஒங்களுக்கு முன்னாடி வந்து சாப்புட்டுப் போறாரே, அவருக்குத் தொண்டையில ஏதும் அடைப்பாங்க ஐயா? ஒரு பருக்கைகூட உள்ள போறதில்ல. மென்னு மென்னு அப்புடியே தட்டுல துப்பி வச்சுடுறாரு."

அவள் கையிலிருந்த தட்டை அவன் பார்த்தான். ஓரத்தில், உருண்டை உருண்டையாக, சாம்பல் நிறத்தில் சோறு இருந்தது.

"பாக்கப் பாவமா இருக்கு. நாளையிலருந்து அவருக்கு மட்டும் கஞ்சியாக் கரைச்சு வச்சிரட்டுங்களா?"

உள்ளே, சாப்பாட்டு மேசைப் பக்கம், நாற்காலி ஒன்று மெல்லப் பின்னால் நகர்ந்தது.